சிதம்பரம் அண்ணாமலை இசைக் கல்லூரியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிதம்பரத்து இசைக் கல்லூரி என்றதும் பலருக்கு 1941ஆம் ஆண்டு மாநாடும் தமிழிசை குறித்து எழுந்த வாக்குவாதமும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை முக்கியமானவைதான். ஆனால் அந்தக் கல்லூரி செய்த பெரிய வேலை மேடையில் நடக்கவில்லை, வகுப்பறையில் நடந்தது. மெட்டு தொலைந்துபோன பாட்டுகளுக்கு மெட்டமைத்து, சுரப்படுத்தி (அதாவது சுரக்குறிப்பு எழுதி), யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம் என்னும் நிலைக்குக் கொண்டுவந்த வேலை அது. இசை படிக்க வருபவர்களும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, அந்த வேலையை மனத்தில் வைத்தே கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது? எப்போது தொடங்கியது?

சிதம்பரம் நகருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலைநகர். அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலை செட்டியார் (1881–1948) 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் ஏற்பட்டன. பல்கலைக்கழகம் உருவான அதே 1929இல்தான் இசைக் கல்லூரியும் பிறந்தது. பிறகு பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பகுதியாகி, இன்று நுண்கலைப் புலத்தின் இசைத் துறையாக இயங்குகிறது. பழைய மாணவர்கள் பலர் இன்றும் ‘மியூசிக் காலேஜ்’ என்றே சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு செட்டிநாட்டு வணிகர் ஏன் இசைக்குக் கல்லூரி வைக்க வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைச் சம்பளத்தில் இருந்த பாடகர்கள், வீணைக்காரர்கள், நட்டுவனார்கள் எல்லோருக்கும் ஆதரவு போயிற்று. எட்டயபுரம், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருவிதாங்கூர், மைசூர் என்று சிலர் வேறு சமஸ்தானங்களைத் தேடிப் போனார்கள். சென்னையில் சபாக்கள் தோன்றியபின் கச்சேரி வாய்ப்புகளைத் தேடிப் பலர் அங்கே போனார்கள்.

சபா கச்சேரிக்குப் பணம் கொடுக்கும், பாட்டுச் சொல்லிக்கொடுக்காது. மாணவனை வீட்டில் வைத்துச் சோறு போட்டு ஏழெட்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கும் வசதி, ஊர் ஊராகக் கச்சேரிக்கு அலையும் வித்துவானுக்கு எப்படி இருக்கும்? இசைக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்குப் பாட்டு கற்க ஆசை வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? விண்ணப்பம் போட்டுச் சேரலாம், தேர்வெழுதிப் பட்டயம் வாங்கலாம் என்னும் ஏற்பாடு அப்போது எவ்வளவு புதியது என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஊர்ப் பொருத்தமும் இருக்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில்தான் கண்டெடுக்கப்பட்டன என்பது மரபு. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த சீர்காழி அதிக தூரமில்லை. மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கன்காரர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் ஏங்கியது இந்தக் கோயிலைப் பார்க்கத்தான். தமிழ்க் கீர்த்தனை மரபில் பாதி இந்த வட்டாரத்தில் விளைந்தது என்றால் மிகையில்லை.

தென்னிந்தியாவின் முதல் இசைக் கல்லூரி இதுதானா?

இல்லை. ஆந்திரத்தில் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரி 1919இலேயே தொடங்கிவிட்டது. ஆதிபட்ல நாராயணதாஸ் அதன் முதல் முதல்வர். பிற்பாடு வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு அங்கே முதல்வராக இருந்தார். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரிலான இசைக் கல்வி நிலையம் 1939இல் வந்தது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவர். சிதம்பரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ‘முதல்’ என்னும் பட்டம் இல்லாவிட்டாலும் அதற்குப் பெருமை குறைவில்லை.

தொடக்கத்தில் யார் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்று பெயர்களை முதலில் சொல்ல வேண்டும்.

முதலாமவர் டி. எஸ். சபேசய்யர். தொடக்க காலத்தில் முதல்வராக இருந்தவர். மகா வைத்தியநாதய்யரின் மாணவர். முசிரி சுப்பிரமணிய ஐயர் இவரிடம்தான் பல ஆண்டுகள் பாடம் கேட்டார். மகா வைத்தியநாதய்யரின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். அவர் தியாகராசரின் நேர்ச் சீடர், உறவினரும்கூட. ஆக, சபேசய்யருக்கும் தியாகராசருக்கும் நடுவில் இரண்டே தலைமுறை.

இரண்டாமவர் டைகர் வரதாச்சாரியார் (1876–1950). பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். அந்தப் பட்டணம் சுப்பிரமணிய ஐயரும் மானம்புச்சாவடியாரிடம் படித்தவர்தான். சென்னையில் மியூசிக் அகாடமியின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிவிட்டுப் பின்னர் சிதம்பரத்துக்கு முதல்வராக வந்தார். அதன்பின் கலாக்ஷேத்திரத்துக்குப் போனார். பெரிய சாரீரம் (குரல் வளம்) என்று யாரும் சொல்லமாட்டார்கள். மனோதர்மம்தான், அதாவது அந்த நேரக் கற்பனையில் பாடுவதுதான், அவருடைய பலம். ஒரே ராகத்தை அன்றைக்குப் பாடியது போல் மறுநாள் பாடமாட்டார் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

மூன்றாமவர் தஞ்சை க. பொன்னையா பிள்ளை. பரதநாட்டியத்துக்கு இன்றிருக்கும் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை வகுத்துக் கொடுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். நால்வரும் முத்துசாமி தீட்சிதரின் மாணவர்கள். பாட்டோடு நட்டுவாங்கமும் (தாளம் தட்டி நடனத்தை நடத்துவது) மிருதங்கமும் கைவந்த குடும்பம். நடனம் கற்பித்த கிட்டப்பா பிள்ளையும் வீணை வாசித்த சிவானந்தமும் இவருடைய பிள்ளைகள்.

இந்த மூவரும் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதற்கு ஒரு சான்று போதும். சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டுக்கு 1932இல் தலைமை தாங்கியவர் வரதாச்சாரியார், 1933இல் பொன்னையா பிள்ளை, 1934இல் சபேசய்யர். தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் தலைமை வகித்த மூன்று பேரும் சிதம்பரத்தில் ஏதோ ஒரு காலத்தில் பாடம் நடத்தியவர்கள்.

எனக்கு இதில் இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. பிராமணக் குடும்பத்து வித்துவான்களும் இசை வேளாளர் மரபில் வந்த பொன்னையா பிள்ளையும் ஒரே நிறுவனத்தில், ஒரே மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்கள். தியாகராசர் பாடாந்தரமும் (குரு வழியாக வந்த பாடும் முறை) தீட்சிதர் பாடாந்தரமும் ஒரே தாழ்வாரத்தில், அடுத்தடுத்த அறைகளில் கிடைத்தன. வீட்டோடு குருகுலத்தில் படித்தவனுக்கு இது எளிதில் வாய்த்திருக்காது.

குருகுலத்தில் கற்பதற்கும் வகுப்பறையில் கற்பதற்கும் என்ன பெரிய வேறுபாடு?

முதல் சிக்கல் சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண் குரல் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை. குருகுலத்தில் ஒரு மாணவன், ஒரு குரு. சுருதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வகுப்பில் பத்துப் பேர் உட்கார்ந்தால் தம்புராவை யாருக்குச் சேர்ப்பது? ஒரு சுருதி வைத்தால் பாதிப் பேர் மேல் ஸ்தாயியில் கத்துவார்கள், மீதிப் பேர் மந்தரத்தில் முணுமுணுப்பார்கள். இசைக் கல்லூரிகள் எல்லாமே இன்றுவரை இதோடு மல்லுக்கட்டுகின்றன.

இரண்டாவது சிக்கல் மணி. ஒரு தோடி ராகத்தை ஆற அமர விரிக்க ஆரம்பித்தால் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும். குருகுலத்தில் குரு விடியற்காலையில் பாடுவதும், கச்சேரியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடும்போது காதில் விழுவதும் எல்லாம் பாடம். கேள்வி ஞானம் என்று அதைத்தான் சொல்கிறோம். அதைப் பாடத்திட்டத்தில் எழுத முடியாது.

ஆனால் வகுப்பறை கொடுத்த சில விஷயங்களைக் குருகுலம் கொடுக்கவில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம், கிருதி என்று படிப்படியாகப் போகும் ஒழுங்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தா, ராக லட்சணம், தாள அங்கங்கள், பண்கள் (பழந்தமிழ் ராகங்கள்), சிலப்பதிகார அரங்கேற்று காதை என்று இசையைப் பற்றிப் பேசவும் எழுதவும் மாணவர்கள் பழகினார்கள். குருவின் கோபத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய கேள்விகளை வகுப்பில் கேட்க முடிந்தது.

‘சங்கீத பூஷணம்’ என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்களே, அது என்ன?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தந்த இசைப் பட்டயம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளி, கல்லூரிகளில் இசை ஆசிரியராகச் சேர அது நல்ல தகுதியாக மதிக்கப்பட்டது. சென்னைத் தமிழிசைச் சங்கத்தின் கல்லூரி தந்த பட்டம் ‘இசைமணி’. சீர்காழி கோவிந்தராஜன் அந்த இசைமணி; இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

1941 மாநாட்டில் என்னதான் நடந்தது?

அன்றைய கச்சேரிகளில் பெரும்பகுதி தெலுங்கிலும் வடமொழியிலும்தான் இருந்தது. தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக, அதாவது சின்ன உருப்படியாக வரும். தனியாவர்த்தனம் (மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு) முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு திருப்புகழோ ஒரு பதமோ. தமிழ்நாட்டில், தமிழ் கேட்பவர்களுக்கு நடுவில் இப்படி இருந்தது பலரை உறுத்தியது. அண்ணாமலை செட்டியார் தமிழ்ப் பாடல்களை வளர்க்க நிதி ஒதுக்கினார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் வேண்டும், இசை கற்பிக்கும் இடங்களில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெற வேண்டும், வானொலியில் அவற்றுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பவைதான் அங்கே எழுந்த கோரிக்கைகளின் சாரம்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே மியூசிக் அகாடமி மறுமொழி சொன்னது. கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே எல்லோருடைய நோக்கமாக இருக்க வேண்டும், மொழியைக் காரணம் காட்டி அந்தத் தரத்தைக் குறைக்கக் கூடாது என்பது அதன் தீர்மானத்தின் கருத்து. பத்திரிகைகளில் அனல் பறந்தது. கல்கி, ராஜாஜி, ரசிகமணி டி. கே. சி. எல்லோரும் தமிழிசைப் பக்கம் நின்றார்கள். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானது. ஆர். கே. சண்முகம் செட்டியார் அதில் முன்னின்றார். சங்கத்தின் விழாக்களில் எம். எஸ். சுப்புலட்சுமி போன்றவர்கள் பாடினார்கள். எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றம் 1952இல் திறக்கப்பட்டது. 1949 முதல் சங்கம் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் வித்துவான்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தப் பண் எந்த ராகம் என்று பாடிப் பார்த்துத் தீர்மானித்தார்கள். மேகராகக்குறிஞ்சி என்றால் நீலாம்பரி, கௌசிகம் என்றால் பைரவி, செந்துருத்தி என்றால் மத்தியமாவதி என்று இன்று நாம் சட்டென்று சொல்ல முடிவதில் அந்தக் கூட்டங்களுக்குப் பங்குண்டு.

அப்படியானால் இது தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு எதிரான கல்லூரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேலே சொன்ன ஆசிரியர்களின் குரு பரம்பரையை மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். தியாகராசர் வழியில் இரண்டு பேர், தீட்சிதர் வழியில் ஒருவர். தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்னும் மும்மூர்த்திகளின் பாட்டை உயிராக நினைத்தவர்கள்தான் அங்கே தலைமை தாங்கினார்கள். மாணவர்கள் தியாகராசரைப் பாடம் செய்யாமல் பட்டயம் வாங்கவில்லை.

தமிழில் பாடு என்று சொன்னவர்களுக்கு எதிர்த் தரப்பு ஒரு நியாயமான கேள்வியை வைத்தது. ராகம் முழுதாய் நிற்கக்கூடிய கனமான உருப்படிகள் தமிழில் எத்தனை இருக்கின்றன? இருந்தால் சங்கதிகளோடு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகள்) பாடாந்தரம் எங்கே? இந்தக் கேள்விக்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்ல முடியாது. பாட்டைக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். அப்படி வைப்பதற்கு, ஒரு கிருதி எப்படிக் கட்டப்படுகிறது என்று எலும்புவரை தெரிந்தவர்கள் வேண்டும். அந்த அறிவு மும்மூர்த்தி மரபில் ஊறியவர்களிடம்தான் இருந்தது. தமிழிசை இயக்கத்துக்கு வேண்டிய கைத்திறன், அதற்கு எதிரானதாகக் கருதப்பட்ட மரபிலிருந்தே வந்தது. இரண்டு தரப்பு மேடைப் பேச்சிலும் இந்த உண்மைக்கு இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

மெட்டமைத்தார்கள், சுரப்படுத்தினார்கள் என்கிறீர்கள். அதில் அப்படி என்ன கஷ்டம்?

முத்துத்தாண்டவர் பாடல்களை எடுத்துக்கொள்வோம். அவருடைய கீர்த்தனைகளில் பலவற்றுக்குச் சொற்கள் கிடைத்தன, மெட்டு கிடைக்கவில்லை. பழைய பதிப்புகளில் பாட்டுக்கு மேலே ராகம், தாளம் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். அவ்வளவுதான். ராகத்தின் பெயர் தெரிந்தால் பாட்டு தெரிந்துவிடுமா? எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தாளத்தின் தொடக்கமான சமத்திலா, அரை இடம் தள்ளியா? பல்லவி மத்திமத்தில் தொடங்குகிறதா, மேல் சட்சமத்திலா? அனுபல்லவி எங்கே ஏறி எங்கே இறங்கிப் பல்லவியோடு சேர்கிறது? எந்தச் சொல்லில் சங்கதி போடலாம், எந்தச் சொல்லை உடைத்தால் பொருள் கெடும்? ஒவ்வொரு வரியிலும் ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்தபின் எழுத வேண்டும். மேல் வரியில் சுரம், கீழ் வரியில் சாகித்தியம். சுரத்துக்கு மேலே புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்தரம். கார்வைக்குக் கால்புள்ளி. அதுபோல் இரண்டு மடங்கு நீளத்துக்கு அரைப்புள்ளி. மேற்கோடு போட்டால் இரண்டாம் காலம். ஆதி தாளமென்றால் லகு முடியும் இடத்திலும் ஒவ்வொரு துருதம் முடியும் இடத்திலும் ஒரு கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரட்டைக் கோடு. கையால் அச்சுக்கோத்த அந்தக் காலத்தில் ஒரே ஒரு புள்ளி விழுந்துவிட்டால் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். மெய்ப்புத் திருத்துகிறவருக்கும் பாடத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் முக்கியமான ஒன்று தாளில் ஏறாது. தோடியில் காந்தாரத்தை ‘க’ என்று ஓர் எழுத்தாகத்தான் எழுத முடியும். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. காம்போதியில் கைசிகி நிஷாதம்தான் (தாழ்ந்த நிஷாதம்) வழக்கம், ஆனால் ‘ஸ நி ப த ஸ’ என்று வரும் பிடியில் காகலி (உயர்ந்த நிஷாதம்) ஒலிக்கிறது. தாளில் இரண்டு இடத்திலும் அதே ‘நி’. தெரிந்தவனுக்குச் சுரக்குறிப்பு நினைவூட்டும், தெரியாதவனை வழிதவற வைக்கும். ஆகவே புத்தகத்தோடு வகுப்பும் தேவைப்பட்டது. பாட்டைப் பதிப்பித்த இடத்திலேயே அதைப் பாடிக் காட்டும் ஆசிரியரும் கேட்டுத் திருத்திக்கொள்ளும் மாணவரும் இருந்தார்கள். இந்த இணைப்புதான் சிதம்பரத்தின் தனிச் சிறப்பு.

1943 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியார் என்று வரிசையாக வந்தார்கள். இன்று ஒரு நாட்டிய மேடையில் மாரிமுத்தாப் பிள்ளையின் ‘காலைத் தூக்கி’ யதுகுலகாம்போதியில் ஒலிப்பதையும், முத்துத்தாண்டவரின் ‘தெருவில் வாரானோ’ கமாசில் ஒலிப்பதையும் நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பாட்டுகள் மேடைக்கு வந்து நிலைத்ததில் அச்சிட்ட சுரக்குறிப்பின் பங்கு பெரிது.

இப்படி 20ஆம் நூற்றாண்டு வித்துவான்கள் போட்ட மெட்டுகள் பழைய புலவரின் மெட்டுகளாகா என்று சிலர் குறை சொல்வதுண்டு. சொல்வது சரிதான். ஆனால் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பாடல்களைப் புலவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், யாரும் பாடியிருக்கமாட்டார்கள். யார் மெட்டமைத்தது என்று பாட்டோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் நேர்மைக்கும் குறைவில்லை.

தண்டபாணி தேசிகர் அங்கே என்னவாக இருந்தார்?

எம். எம். தண்டபாணி தேசிகர் (1908–1972) இசைத் துறைக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தார். திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் நந்தனாராக நடித்தார். 1946இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் அவர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்குக் கிளம்பிய எதிர்ப்பு நாடறிந்தது. அப்படிப்பட்ட ஒருவர் துறைத் தலைவராக அமர்ந்தது பொருத்தமானது. முன்னவர்கள் கிருதி மரபைக் கொண்டுவந்தார்கள். தேசிகரோடு தேவாரப் பண் மரபு தலைமை நாற்காலிக்கு வந்தது. அவரே தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் சொல்லும் சுரமும் ஒன்றையொன்று இடிக்காது. ‘நெஞ்சில் அமுது ஊறுகிறது’ என்று பெரியவர்கள் அவர் பாட்டைப் பற்றிச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

யாழ் ஆராய்ந்த விபுலானந்தருக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இசைக் கல்லூரியில் அல்ல, தமிழ்த் துறையில். அவருடைய யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

அந்த வளாகத்தில் இசையும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததன் பயனை மாணவர்களிடமும் பார்க்கலாம். அங்கே படித்த எஸ். இராமநாதன் (1917–1988) பிற்காலத்தில் சிலப்பதிகார இசை பற்றி அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். மதுரையில் சற்குரு சங்கீத வித்தியாலயத்தின் முதல்வராக இருந்தார். 1985இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். தீட்சிதர் கிருதியையும் ஆய்ச்சியர் குரவையையும் ஒரே மூச்சில் விளக்கிப் பாடக்கூடியவர். இந்தக் கல்லூரி எப்படிப்பட்ட ஆளை உருவாக்க நினைத்தது என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஈழத்து இசை ஆசிரியர்கள் பலர் சிதம்பரத்தில் படித்தவர்கள் என்கிறார்களே?

ஆம். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வந்து படித்த தலைமுறை அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அந்த வழி முன்போல் இல்லை. அவர்கள் ஊர் திரும்பி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிகளில் பாட்டு ஆசிரியர்களானார்கள். மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் அதன் முதல்வராக இருந்திருக்கிறார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. ஈழத்து இசைக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர் அண்ணாமலைநகரை விட்டுவிட்டு எழுத முடியாது.

தமிழ்நாட்டு அரசு இசைக் கல்லூரிகளும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. சென்னையில் 1949இல் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிதான் அரசுக் கல்லூரிகளில் மூத்தது. அதன் முதல் முதல்வர் முசிரி சுப்பிரமணிய ஐயர், சபேசய்யரின் மாணவர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை இரண்டு இடங்களிலும் பணியாற்றியவர். திருவையாற்றில் 1965இலும், மதுரையில் அதன்பிறகும் அரசு இசைக் கல்லூரிகள் வந்தன. இசைக்கும் கவின்கலைகளுக்குமான தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் 2013இல் அமைந்தது.

2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டதே, அதற்குப் பின்?

நிதி நெருக்கடி காரணமாக அரசு தலையிட்டு, 2013இல் தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. அதுவரை நிறுவனரின் குடும்பத்தார் இணைவேந்தர்களாக இருந்துவந்தார்கள். இசைத் துறை தொடர்கிறது. சேர்க்கை விதிகளும் பாடப்பிரிவுகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அவற்றைப் பல்கலைக்கழகத்திடமே நேரில் கேட்பது நல்லது.

எங்கள் தாத்தா அங்கே படித்தவர். அவருடைய பழைய சுரக்குறிப்பு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

முதலில், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அச்சில் வந்தது இறுதி வடிவம். மாணவரின் நோட்டில் இருப்பது வகுப்பில் ஆசிரியர் பாடியது. அச்சில் இல்லாத சங்கதி அதில் இருக்கலாம், ஓர் ஆசிரியர் அழித்துத் திருத்திய இடம் இருக்கலாம். மெட்டு எப்படி உருவானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லேமினேட் செய்ய வேண்டாம், செலோடேப் ஒட்டவே வேண்டாம். பசை சில ஆண்டுகளில் பழுத்துக் காகிதத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள், பல நேரம் தேதியும் ஆசிரியர் பெயரும் அங்கேதான் இருக்கும். புள்ளிகள் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மந்தரப் புள்ளிதான் முதலில் மங்கும். எந்த ஆண்டு, எந்த ஆசிரியர், பாட்டா வீணையா வயலினா என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்ததைத் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்துப் பாடத் தெரிந்தவர் குடும்பத்தில் யாராவது இருந்தால் செல்போனில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குரல் தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, தாளில் ஏறாத கமகம் (சுரத்தின் அசைவு) அந்தத் தளர்ந்த குரலில்தான் இருக்கிறது. வீட்டில் பாதுகாக்க முடியாது என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பேசிப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு முழு நகல் உங்களிடம் இருக்கட்டும்.